மாலையும் அதன் மடிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை, 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலையே புரதம் என்று சொல்லி அத்துடன் நின்றுவிட்டது. அது தவறல்ல, ஆனால் பாதிதான். நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் உள்ளே ஒதுங்க, நீரை நாடுபவை வெளிப்புறம் நிற்க, அந்த மாலை எந்த வடிவில் மடிகிறதோ அதைப் பொறுத்தே அதன் வேலையும் அமைகிறது.

இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதில் உள்ள இருவகை மாலைகளுள் ஒன்றான பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 6-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலம் நீரை நாடும் இயல்புடையது; அங்கே நீரை விலக்கும் ‘வாலின்’ என்ற அமினோ அமிலம் வந்து அமர்ந்தால், மூலக்கூறின் வெளிப்பரப்பில் ஒட்டும் புள்ளி ஒன்று உருவாகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்தப் புள்ளியின் வழியே ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட விறைத்த இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன. இத்தனைக்கும் மாறியது மாலையின் ஒரே ஒரு மணி!

வெப்பத்தில் புரதம் ‘உடைந்துவிடும்’ என்று எழுதியிருந்ததும் சரியன்று. கொதிநிலைக்குக் கீழேயே பெரும்பாலான புரதங்களின் மடிப்பு குலைந்துவிடும். ஆனால் அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்பு அவ்வளவு எளிதில் அறுவதில்லை. யூரியா முதலியவற்றால் மடிப்பைக் குலைத்த ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலப் புரதம், அவற்றை நீக்கியதும் தானே பழையபடி மடிந்து மீண்டும் வேலை செய்ததை அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் காட்டினார். அவருக்கு 1972-இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அடுத்த முறை, மடிந்த புரதம் ஒன்றின் படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்