துணி இருட்டு வேறு, அறை இருட்டு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பெரிய திரையில் படம் பார்க்க வசதி செய்துகொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புரொஜெக்டர், ஒலிபெருக்கி, நாற்காலி என ஒவ்வொன்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், ஜன்னல் என்று வந்ததும் 'தடிமனான பிளாக்அவுட் பிளைண்ட்ஸ் (வெளிச்சத்தை மறைக்கும் ஜன்னல் திரை) மாட்டினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதே வரியைக் கடைக்காரர் சொல்லக் கேட்டு, ஒரே ஜன்னலுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஐந்தடி அகலம், நாலரை அடி உயரம். கடையிலிருந்து வந்தவர் ஜன்னல் குழிவின் உள் அகலத்தை அளந்துகொண்டு போனார். பத்தாம் நாள் ரோலர் பிளைண்ட்ஸ் வந்து சேர்ந்தது. துணியில் குறை சொல்ல இடமில்லை. கைபேசி டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்த்தும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் பிற்பகல் மூன்றரை மணிக்கு அதை இறக்கிவிட்டபோது, இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை விரற்கடை அகலத்தில் வெயில் கோடு கோடாக உள்ளே வந்தது. அதில் ஒன்று எதிர்ச்சுவரில், படம் விழவேண்டிய இடத்திலேயே சாய்வாகக் கிடந்தது.

இது பொருத்தியவரின் பிழை அன்று. துணி ஓர் உருளையில் சுற்றப்படுகிறது. உருளையின் ஒரு முனையில் சங்கிலிச் சக்கரமும் மறுமுனையில் அதைத் தாங்கும் முளையும் இருப்பதால், இரண்டு பிராக்கெட்டுகளுக்கும் இடம் விட்டுத்தான் துணியை வெட்ட முடியும். பக்கத்துக்கு அரை அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விழுந்தே தீரும். 'நூறு சதவீத பிளாக்அவுட்' என்று மாதிரிப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பது துணிக்கான உத்தரவாதம், அறைக்கானது அன்று. சதுர அடிக்கு விலை சொல்லும்போதே இதையும் சொல்லிவிட்டால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

அரை அங்குல வெளிச்சத்துக்கு இவ்வளவு புலம்பலா என்று சிலர் நினைக்கலாம். புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது; திரையில் நாம் காணும் கறுப்பு, அந்த அறையில் உள்ள இருட்டுதான். 2,000 லூமென் (கருவி வீசும் மொத்த வெளிச்சத்தின் அளவு) வீசும் கருவி, 100 அங்குலத் திரையின் வெள்ளைப் பகுதியில் ஏறக்குறைய 700 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் தரும். ஜன்னல் வழியே கசிந்து திரைமேல் விழுவது 70 லக்ஸ் என்றால், வெள்ளை கறுப்பைவிடப் பதினொரு மடங்குதான் பிரகாசமாக இருக்கும்; கசிவை 7 லக்ஸாகக் குறைத்தால் அதே கருவியில் அது நூறு மடங்காகிவிடும். இரவுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை என்று கூடுதல் விலையில் வேறு புரொஜெக்டர் தேடுபவர்கள் முதலில் ஜன்னல் ஓரத்தைப் பார்ப்பது நல்லது. டூரிங் கொட்டகைகளில் பொழுது சாய்ந்த பிறகே படம் போட்டார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்; கீற்றுக்கும் தட்டிக்கும் இடையே வரும் வெயிலோடு எந்தக் கருவியாலும் மல்லுக்கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வகைகளைப் பொறுத்தவரை, படம் பார்க்கும் அறைக்கு ஜீப்ரா பிளைண்ட்ஸ் வேண்டவே வேண்டாம். பட்டையும் வலையும் மாறி மாறி வரும் அந்தத் துணி வரவேற்பறைக்கு அழகுதான் என்றாலும் முழு இருட்டு தராது. வெனிஷியனில் கிடைமட்டப் பட்டைகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கயிறு போகும் துளைகள் வழியே வெளிச்சம் கசியும்; செங்குத்தாகத் தொங்கும் வெர்டிகல் பட்டைகளோ மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். ரோலர்தான் சரி, ஆனால் அதைக் குழிவுக்குள் மாட்டாமல் சுவரின்மேல் மாட்டவேண்டும். இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம்: ஜன்னலைவிடப் பக்கத்துக்கு நான்கு அங்குலம் கூடுதல் அகலம், கீழே அரை அடி கூடுதல் நீளம், உருளையின் மேல் இடுக்கை மறைக்க பிளைவுட்டில் ஒரு பெல்மெட். ஜன்னலடிக் கிரானைட் கல் சுவரைவிட்டு ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததால் துணி அதில் இடித்துத் தள்ளி நின்றது. பிராக்கெட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன்னே இழுத்தபின்தான் நேராகத் தொங்கியது. அதனால் ஓரத்தில் உண்டான இடைவெளியை, இருபுறமும் அலுமினியச் சேனல் அடித்து, துணியின் விளிம்பு அதற்குள் ஏறி இறங்கும்படி செய்து அடைத்தோம். குழிவுக்குள்தான் மாட்டியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சேனல்தான் வழி. செலவு கூடுதல்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

நிறத்தையும் கவனிக்கவேண்டும். கண்ணாடியை நோக்கும் பக்கம் வெள்ளையாக இருந்தால் மேற்கு வெயிலின் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்; அறையை நோக்கும் பக்கம் பளபளப்பில்லாத அடர் சாம்பலாக இருந்தால் திரையின் வெளிச்சம் அதில் பட்டு மீண்டும் படத்தின்மேல் விழாது. இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் துணி கிடைக்கிறது; கேட்டு வாங்கவேண்டும். குழந்தைகள் உள்ள வீடுகளில் தொங்கும் சங்கிலி வளையம் கழுத்தில் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கியைப் பொருத்தாமல் வேலையாளை அனுப்பக்கூடாது.

இவ்வளவும் செய்து முடித்து உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் எங்கள் கண்ணில் பட்டது. இப்போதைக்கு அதில் கறுப்புச் சார்ட் அட்டை ஒட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் ஓரம் சுருண்டுகொள்வதால், படம் தொடங்கும் முன் ஸ்டூல் போட்டு ஏறி அதை அழுத்திவிட்டு வருவது என் வேலையாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.