அந்த போட்டோ சாயங்காலம் எடுத்தது இல்ல

பாப்பாவுக்கு,

கதை வந்துச்சு. பிரிண்ட் எடுத்துதான் படிச்சேன், ஸ்க்ரீன்ல படிச்சா எனக்கு மனசுல நிக்காது. முதல் தடவை உன் அப்பாவா படிச்சேன், பாதியில கண்ணாடியை கழட்டி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். மறுநாள் பேனாவோட உக்காந்தேன், அன்னைக்கு படிச்சது முப்பது வருஷம் டார்க் ரூம்ல நின்னு போட்டோ கழுவினவன், அவனுக்கு உன் கதைமேல கொஞ்சம் கோவம். போன்ல சொல்லலாம்னா நீ "சரிப்பா சரிப்பா"ன்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவே, அதான் எழுதுறேன், பொறுமையா படி.

கோவம் எல்லாம் உன்னோட "போல" மேலதான். மூணாம் பக்கத்துல ஒரே பாராவுல ஆறு "போல" எண்ணினேன். அம்மா குரல் பழைய ரேடியோ போல, கை காஞ்ச இலை போல, வீடு குருவி விட்டுட்டு போன கூடு போல... ஒண்ணை பாத்து முடிக்கறதுக்குள்ள அடுத்ததை நீட்டுறே. சில பேர் ஆல்பம் காட்டுறேன்னு உக்கார வெச்சு பக்கத்தை சடசடன்னு புரட்டிக்கிட்டே போவாங்களே, அந்த மாதிரி இருக்கு. (நானும் ஒண்ணு போட்டுட்டேன், விடு.)

அதைக்கூட விட்டுடலாம், வெட்டினா சரியாயிடும். முதல் வரிதான் எனக்கு உறுத்துது. "அம்மாவின் நினைவுகள் பழைய புகைப்படங்களைப் போல மங்கிக்கொண்டே போயின"ன்னு ஆரம்பிக்கிறே. எல்லாரும் எழுதினதுதானேன்னு சொல்ல வரல, பழசா இருக்கறது ஒண்ணும் குத்தம் இல்ல, நிலா மாதிரி முகம்னு இன்னமும் சொல்லிக்கிட்டுதானே இருக்கோம். போட்டோ அப்படி மங்காது, அதான் என் பிரச்சனை. மறதியும் அப்படி வராது. ரெண்டுமே தப்பா இருக்கும்போது நடுவுல இருக்கற "போல" எதை பிடிச்சுக்கிட்டு நிக்கும்?

தொல்காப்பியத்துல உவமைக்குன்னே ஒரு இயல் இருக்குல்ல, அதோட முதல் சூத்திரமே உவமை நாலு வழியில வரும்னு சொல்லுது, வினை, பயன், மெய், உரு. செய்யற செயல், அதனால வர்ற பலன், வடிவம், நிறம். நீ பண்ணினது வெறும் உரு. அங்க நிறம் போகுது, இங்க ஞாபகம் போகுது, அவ்ளோதான். ஆனா உன் கதை நிறத்தை பத்தினது இல்லம்மா, ஒரு மனுஷிக்குள்ள என்ன நடந்துக்கிட்டு இருக்குங்கறதை பத்தினது, அதுக்கு வினையில பொருந்தற உவமைதான் வேணும், அதுக்கு போட்டோ எப்படி கெட்டுப்போகுதுன்னு நீ தெரிஞ்சுக்கணும், நான் இருக்கேன், கேட்டிருக்கலாம்.

கருப்பு வெள்ளை போட்டோவுல இருக்கறது சாயம் இல்ல, வெள்ளி, பொடிப்பொடியா வெள்ளி. ஹைப்போவுல, அதான் படத்தை நிறுத்தற மருந்து, அதுல சரியா போட்டு ஓடுற தண்ணியில நல்லா அலசி எடுத்தா அது நூறு வருஷம் தாண்டியும் நிக்கும். மங்கியிருக்குன்னா பெரும்பாலும் கழுவினவன் அவசரப்பட்டிருக்கான்னு அர்த்தம், பேப்பர்ல ஹைப்போ மிச்சம் தங்கிடும், அது வெள்ளியை வருஷக்கணக்குல மெல்ல மெல்ல அரிச்சு பழுப்பாக்கிடும். படத்தை நிறுத்தறதுக்கு போட்ட மருந்தே மிச்சம் நின்னா படத்தை தின்னும். இது உனக்கு எங்கேயாவது உதவும்னா எடுத்துக்கோ.

கலர் கதை வேற. அதுல கடைசியில வெள்ளி இருக்காது, மூணு சாயம்தான், சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்), மஞ்சள். எழுபதுகள்லயும் எண்பதுகளோட ஆரம்பத்துலயும் வந்த பேப்பர் நிறைய சயான் விஷயத்துல நோஞ்சான். வெயில்ல மாட்டி வெச்சாத்தான் போகும்னு இல்ல, ஆல்பத்துக்குள்ள இருட்டுல பத்திரமா மூடி வெச்சிருந்தாலும் அந்த சயான் தன்பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும், வீடு சூடா இருந்தா இன்னும் சீக்கிரம். அது போச்சுன்னா மிச்சம் மெஜந்தாவும் மஞ்சளும், ரெண்டும் சேர்ந்தா சிவப்பு. சாம்பல் நிறமா இருந்த இடமெல்லாம் செவக்கும், நீலம் ரோஸ் பக்கம் போகும், பச்சை மஞ்சளாயிடும்.

இப்போ உன் கதைக்கு நடுவுல வெச்சிருக்கியே, ஏரிக்கரை போட்டோ, அதுக்கு வா. "அந்தி வெயில் எங்கள் இருவரையும் செம்பருத்திச் சாற்றில் தோய்த்து எடுத்திருந்தது. வெயிலுக்குப் பிடித்த குடையை அம்மா பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள்." நல்லா இருக்கு, கதையிலயே அழகான இடம் அதுதான், அந்த செவப்பை நீ கடைசி பக்கம் வரைக்கும் இழுத்துக்கிட்டு போறே, அம்மாவோட மறதியே ஒரு அஸ்தமனம்னு உருவகமாவே ஆக்கிடுறே.

பாப்பா, அது அந்தி இல்ல. காலையில ஒன்பது மணி இருக்கும். வானம் மூடியிருந்துச்சு, தூறல் விட்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எடுத்தவன் நான். உன் கவுன் நல்ல நீலம், நீ ரோஸ்னு எழுதியிருக்கே. உனக்கு அப்போ நாலு வயசு.

நான் சொல்றதை நம்ப வேணாம், போட்டோவையே பாரு. அதுல நிழலே இல்ல. அந்தி வெயில்னா உங்க ரெண்டு பேர் நிழலும் தரையில நீளமா விழுந்திருக்கணும், பெஞ்சு காலுக்கு நிழல் இருந்திருக்கணும், ஒண்ணுமே கிடையாது, மேகத்துக்கு அடியில எடுத்த படம் அப்படித்தான் தட்டையா இருக்கும். அப்புறம் குடைக்கு கீழ தரையில ஒரு திட்டு கறுப்பா தெரியுதா, அது ஈரம். வெயிலுக்கு பிடிச்ச குடை சொட்டாது.

போன மாசம் இதை லேசா சொன்னப்போ "இல்லப்பா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த வெளிச்சம் கண்ணு கூசுச்சு"ன்னே. நீ பொய் சொல்லல, அது தெரியும். 2002-ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, இருபது பேர்கிட்ட அவங்க சின்ன வயசு படத்தை வெட்டி ஒட்டி ஹாட் ஏர் பலூன்ல பறக்கற மாதிரி தயார் பண்ணின போட்டோவை காட்டி விசாரிச்சாங்க, அவங்க யாரும் பலூன்ல ஏறினதே இல்ல, ஆனா மூணு தடவை உக்கார வெச்சு பேசி முடிக்கறதுக்குள்ள பாதி பேருக்கு அது கொஞ்சமாவோ முழுசாவோ "ஞாபகம்" வந்திடுச்சு. அங்க ஆள் செஞ்சு வெச்ச படம். உனக்கு கெமிக்கல் செஞ்சு வெச்சிருக்கு. நாப்பது வருஷமா அந்த ஆல்பத்தை நீ திறந்து திறந்து பாத்திருக்கே, ஒவ்வொரு தடவையும் அது முன்னைவிட துளி செவப்பா இருந்திருக்கும், கூடவே உன் ஞாபகமும் செவந்திருக்கு.

ஸ்கூல்ல தற்குறிப்பேற்ற அணின்னு படிச்சியே, மதுரை மதில் மேல காத்துல ஆடுற கொடியை வராதே வராதேன்னு கோவலனுக்கு கைகாட்டுதுன்னு இளங்கோ சொல்ற இடம். இயல்பா நடக்கறது ஒண்ணு, கவிஞன் தன் மனசுல இருக்கற காரணத்தை அதுமேல ஏத்தறான். சாயம் போனதுக்கு நீ அந்தியை காரணமா ஏத்தியிருக்கே. ஒரே வித்தியாசம், காத்துலதான் கொடி ஆடுதுன்னு இளங்கோவுக்கு தெரியும். உனக்கு தெரியாம போச்சு.

அதனால அந்த வரியை அடிச்சிடுன்னு சொல்வேன்னு நினைச்சியா? அடிக்காதே. அப்படியே இருக்கட்டும், கதை சொல்றவ நம்பட்டும் அது அந்தின்னு. ஆனா ரெண்டு மூணு பக்கம் தள்ளி எங்கேயாவது அவளுக்கு நிழல் இல்லாதது கண்ணுல படட்டும். அம்மா மறக்கறா, நான் ஞாபகம் வெச்சிருக்கேன்னு ஒரு தெனாவெட்டு உன் கதைக்குள்ள முழுக்க ஓடுது, கோச்சுக்காதே, இருக்கு. அது அந்த இடத்துல ஆடிப்போகும். அதுக்கு ஒரு "போல"வும் தேவைப்படாது.

இன்னொரு இடம். டார்க் ரூம் பத்தி, "டெவலப்பரில் அம்மாவின் முகம் முதலில் மிதந்து வந்தது"ன்னு போட்டிருக்கே. நீ எத்தனை நாள் என் கூட சிவப்பு லைட்ல முக்காலி மேல ஏறி நின்னு பாத்திருக்கே, மறந்துட்டியா? முகம் முதல்ல வராதும்மா. முடி வரும், கண்ணுக்குள்ள இருக்கற கறுப்பு வரும், பின்னாடி இருட்டா இருக்கற கதவு வரும், எது கறுப்போ அதுதான் முந்தும், தோல் கடைசியில மெல்ல ஏறும். கொஞ்ச நேரத்துக்கு கண்ணும் முடியும் மட்டும் வெறும் வெள்ளையில மிதந்துக்கிட்டு இருக்கும், சின்ன வயசுல நீ அதை பாத்து பயந்து என் சட்டையை பிடிச்சுக்குவே. இதை ஏன் சொல்றேன்னா அம்மாவுக்கு இப்போ ஞாபகம் வரும்போதும் அப்படித்தான் வருது. உன் பேரு வராது, நீ யாருங்கறது வராது, ஆனா நீ கதவை சாத்தற சத்தம் வருது, நீ படிக்கட்டுல கடைசி படியை தாவுவேங்கறது வருது. சில நாள் அதுக்கு பின்னாடியே மெதுவா நீயும் வர்றே. சில நாள் ட்ரே அங்கேயே நின்னுடுது. வினையில பொருந்தற உவமைன்னா என்னை பொறுத்தவரை இதான்.

இன்னொண்ணு இருக்கு, அதை நீ எழுதினா எனக்கு சந்தோஷம். ஹைப்போவுக்கு முன்னாடியே படம் பிடிச்சவங்க இருந்தாங்க. 1802-ல வெட்ஜ்வுட்னு ஒருத்தர் செஞ்ச சோதனைகளை ஹம்ப்ரி டேவிங்கற விஞ்ஞானி எழுதி வெச்சிருக்கார், வெள்ளி உப்பு தடவின பேப்பர்ல, தோல்ல இலையோட உருவமெல்லாம் விழுந்துச்சு, ஆனா நிறுத்தத்தான் வழி தெரியல. இருட்டுலயே வெச்சிருக்கணும், மங்கின வெளிச்சத்துல ஒரு நொடி எட்டி பாக்கலாம், ஆசையா உத்து பாத்தா பேப்பர் முழுக்க கறுத்து படம் அதுக்குள்ள முங்கிடும். கவனி, வெளுத்து போறதில்ல, கறுத்து போறது. 1819-ல ஹெர்ஷல்னு இன்னொரு விஞ்ஞானி ஹைப்போவுல வெள்ளி உப்பு கரையும்னு கண்டுபிடிச்சார், அதை படத்தை நிறுத்தறதுக்கு பயன்படுத்தினது இருபது வருஷம் கழிச்சு 1839-ல. ஞாபகத்துக்கு இன்னைக்கு வரைக்கும் ஹைப்போ கிடையாது. எடுத்து பாக்கற ஒவ்வொரு தடவையும் மூளை அதை மறுபடியும் புதுசா எழுதித்தான் உள்ள வைக்குதுன்னு இப்போ சொல்றாங்க, 2000-ல எலிங்களை வெச்சு பண்ணின சோதனைக்கு அப்புறம் அந்த பேச்சு ரொம்ப பலமாயிடுச்சு. அப்போ உன் முதல் வரியில இருக்கற ஞாபகம் எந்த போட்டோ? கழுவி காயப்போட்ட போட்டோவா, வெட்ஜ்வுட் பேப்பரா?

மறதி வர்ற வரிசையையும் மாத்து. நீ அம்மாவுக்கு கல்யாணம் முதல்ல மறந்து, அப்புறம் உன் பிறப்பு மறந்துன்னு முன்னாலிருந்து அழிச்சுக்கிட்டு வர்றே. பெரும்பாலும் தலைகீழ்தான், ரிபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1881-லயே எழுதிட்டார், புதுசு முதல்ல போகும், பழசு கடைசி வரைக்கும் தாங்கும். அம்மாவுக்கு காலையில டாக்டர் வந்துட்டு போனது மத்தியானம் இல்ல. ஆனா அவ அக்காவோட பாவாடை என்ன நிறம்னு கேளு, சொல்லுவா.

இவ்ளோ திட்டிட்டேன், இதையும் சொல்லிடறேன். அஞ்சாம் பக்கத்துல "அம்மா போட்டோவைத் திருப்பி பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை"ன்னு இருக்கே, அதுல உவமை இல்ல, உருவகம் இல்ல. நான் கண்ணாடியை கழட்டினது அந்த இடத்துலதான். உன் ஆறு "போல"வும் சேர்ந்து செய்ய முடியாததை அது பாட்டுக்கு செஞ்சிடுச்சு. அதுக்கு அடுத்த வரியில "தன்னையே தேடுபவள் போல"ன்னு விளக்கம் வேற குடுக்கறே, அதை மட்டும் எடுத்துடு, புண்ணியமா போகும்.

ஒரிஜினல் போட்டோவை கவர்ல போட்டு இதுகூட வெச்சிருக்கேன், ஸ்கேன் பண்ணிட்டு பத்திரமா திருப்பி அனுப்பு. நிறத்தை சரி பண்றேன்னு கம்ப்யூட்டர்ல எதையாவது பண்ணினா செவப்பா இருக்கறதையும் தனியா ஒரு காப்பி வெச்சுக்கோ. பின்பக்கம் பென்சில்ல பேர், வருஷம், காலை 9 மணின்னு எழுதிட்டேன், பேனா வேணாம், இங்க் முன்பக்கம் இறங்கும்.

கவர்ல வைக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. இந்த பொண்ணு யாருன்னு கேட்டேன், தெரியலைன்னா. பக்கத்துல இருக்கறது யாருன்னு கேட்டேன், அதுக்கு பதில் சொல்லல. கட்டை விரலால படத்து ஓரத்தை தடவிக்கிட்டே இருந்தா, அப்புறம் என்னை நிமிர்ந்து பாத்து, குடை காஞ்சிடுச்சான்னு கேட்டா.

காஞ்சிடுச்சுன்னு சொன்னேன்.

அப்பா