ஜாம் போத்தல் வெளிச்சத்தில் உயர்தரம்

ஆசிரியருக்கு,

போர்க்கால யாழ்ப்பாணம் என்றாலே ஷெல்லும் பங்கரும்தான் எழுதப்படுகின்றன. 1990க்குப் பின் மின்சாரமின்றி உயர்தரம் (பல்கலைக்கழகம் புகுவதற்கான பள்ளி இறுதித் தேர்வு) படித்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் தாவரவியல் படம் வரைந்தோம். அரசின் பொருளாதாரத் தடையில் பேட்டரியும் அடக்கம் என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் பாட்டுக் கேட்ட குறும்பன், கணக்கைத் தவிர வேறு பேச்சே இல்லாதவள், வீட்டாருக்காக ‘டாக்டர்’ என்று சொல்லிவிட்டு ஒளித்துக் கவிதை எழுதியவன் (வகுப்புக்கு ஒருவன் நிச்சயம்) என எத்தனை விதம்! 1995 அக்டோபரில் யாழ்ப்பாண மக்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வில் பாடக் குறிப்புகளையே முதலில் சைக்கிளில் கட்டியவர்களும் உண்டு. டாக்டர் ஆகாதவர்களைப் பேட்டி காணுங்கள். ஆனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள்.

வாசகர் ஒருவர்,
வடமராட்சி