ஊர் நலச் சங்க ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், இந்தக் கூட்டத்துக்கென்றே வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதனால் நான் தொகைகளுக்குள் போகாமல், நடந்த வேலைகளையும் நிலுவையில் உள்ளவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் பொதுக் குளமான ஊரணி. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் எடுத்தோம். விவசாயிகள் அதைத் தங்கள் வயலுக்கே அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்திருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, பெயர்ந்து கிடந்த செம்புறாங்கல் படிகளைத் திரும்பப் பதித்தோம். இந்த மழைக்கு ஊரணி நிரம்பியது. செலவில் பெரும்பங்கு, நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து ஊர் நிதிக்கு வந்த பங்குதான்.

சுற்றுலாப் பணத்தை ஏன் ஊரணியில் போட வேண்டும், வழிகாட்டிப் பலகை வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முற்றத்தில் விழுந்த மழை, வீட்டுத் தேவை போக மிச்சம் கால்வாய் வழியே ஊரணிக்குப் போய்ச் சேரும்படி கட்டிய ஊர் இது. வீட்டைக் காட்டிவிட்டு ஊரணியைக் குப்பைமேடாக வைத்திருந்தால் பாதி ஊரைத்தான் காட்டுகிறோம். அதோடு, வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், தண்ணீர் நமக்குத்தான் வேண்டும்.

அடுத்தது சுற்றுலாப் பேருந்துகள். தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் இங்கே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்கு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். நமக்கு மிஞ்சியது தண்ணீர் பாட்டில், அதுவும் காலி பாட்டில். இந்த ஆண்டு சில விதிகளைக் கறாராக்கினோம். குழுவாக வந்தால் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் குடியிருக்கிற வீட்டில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பேனா, மிட்டாய், காசு கொடுக்கக் கூடாது. கொடுக்க விரும்புபவர்கள் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். இந்தக் கடைசி விதிக்குத்தான் முணுமுணுப்பு அதிகம். ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் பேருந்துக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள் இப்போது குறைந்திருக்கிறார்கள். ஆள் கூட்டி வருவதற்கு கமிஷன் கேட்ட ஓட்டுநர்களுக்கு இல்லை என்றே சொன்னோம். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

மதியச் சாப்பாட்டை மகளிர் குழு நடத்துகிறது. முதல் நாளே சொல்லிவிட்டால்தான் இலை போடுவார்கள். செட்டிநாடு என்றால் காரமான கோழி மட்டும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் வெள்ளைப் பணியாரத்தையும் கவுனி அரிசியையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். காய்கறி, முட்டை, பால் எல்லாம் முடிந்தவரை உள்ளூரில் வாங்குகிறோம். கேரளத்தில் குமரகத்தில் 2008 முதல் விடுதிகள் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடம் காய்கறி வாங்குகிற ஏற்பாடுதான் இதற்கு முன்மாதிரி. அங்கே விலைக்கும் தரத்துக்கும் தனித்தனியாகக் குழு போட்டார்கள். நாம் இன்னும் அதைச் செய்யவில்லை. கத்தரிக்காய் விலையில் வாரம் ஒரு சண்டை வருகிறது. வரும் ஆண்டில் அந்தக் குழு அவசியம்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளில், கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவதைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். நின்று விளக்கம் சொல்கிற நேரத்துக்கு வேலையாளுக்குக் கூலி யார் தருவது? பார்வைக் கட்டணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று பட்டறைக்காரர்களிடம் பேசியிருக்கிறோம். ஒருசிலர் ஒப்புக்கொண்டார்கள். பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்களிடம் பேரம் பேச வேண்டாம் என்று பலகை வைத்தோம். நம் ஊர்க்காரர்களுக்கும் அது பொருந்தும்.

வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் ஓடு ஒழுகுவது நிற்காது. பங்காளிகள் பத்து ஊரில் இருக்கிறார்கள், மராமத்துக்கு யாரும் முன்வருவதில்லை, கடைசியில் பர்மா தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்துவிடுகின்றன. விற்றால் பணம் ஒரு முறை வரும். வீடு நின்றால் காவல்காரர், சமையல்காரர், கொத்தனார், ஓடு மாற்றுகிறவர் என்று வருஷா வருஷம் சம்பளம் போகும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். பதில் போட்டவர்களுக்கு நன்றி. மற்றவர்களுக்கு இனி தபால் வேண்டாம், தொலைபேசியில் பேசுவோம்.

மாலை நேர வகுப்பு நடக்கிறது. பள்ளிக் கழிப்பறை சரிசெய்யப்பட்டது. வருகிறவர்களுக்கான கழிப்பறை இன்னும் இல்லை. ஆண்டுதோறும் இதையே எழுத வேண்டியிருக்கிறது.

சுற்றுலாக் கூட்டம் வருவது டிசம்பர் முதல் மார்ச் வரைதான். 2020-இல் கொரோனா ஊரடங்கில் ஒரு பேருந்துகூட வராமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஊர் நிதியில் ஒரு பகுதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, வருமானம் நின்றாலும் வகுப்பும் ஊரணிப் பராமரிப்பும் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று செயற்குழு கருதுகிறது. எவ்வளவு என்பதைக் கணக்கு வாசித்த பிறகு சபை முடிவு செய்யட்டும். தீர்மானத்தை முன்மொழிகிறேன், வழிமொழிய ஒருவரை அழைக்கிறேன்.

செயலாளர்