கனகத்துக்கு: யார்க்கிலும் ஆக்ஸ்போர்டிலும் நாலு ராத்திரி

பர்மிங்காம்,
ஏப்ரல் 12

அன்புள்ள கனகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. தைலத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

கடிதத்தோடு நீ வைத்திருந்த சுற்றுலாத் திட்டத்தை மூன்று தடவை படித்தேன். ஏழு நாளில் எட்டு ஊர். காலையில் ஓர் ஊரில் இறக்கிவிடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள், ராத்திரி நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். வேண்டாம் கனகம். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதே. இங்கிலாந்துக்கு வந்து இந்த மூன்று மாசத்தில் நானும் இவருமாக இரண்டே ஊருக்குப் போனோம், ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி தங்கினோம். அதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு பண்ணு.

மார்ச் மாதம் யார்க் போனோம். "காலையில போய்ட்டு சாயங்காலம் வந்திரலாம்மா" என்றுதான் மகள் சொன்னாள். தங்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பர்மிங்காமிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கி.பி. 71-இல் ரோமப் படை கோட்டை கட்டி உட்கார்ந்த இடம் அது. எபோராகம் என்று பேர் வைத்தார்கள். 306-இல் கான்ஸ்டன்டைனைப் பேரரசர் என்று அவருடைய வீரர்கள் அறிவித்தது இந்த ஊரில்தான். 866-இல் வைக்கிங்குகள் வந்து பிடித்தார்கள். அவர்கள் வாயில் அது யோர்விக் ஆகி, பிறகு தேய்ந்து யார்க் என்று நின்றுவிட்டது. தெருப் பெயர்கள் பலவும் "கேட்" என்று முடிகின்றன. வாசல் என்று நினைத்துவிடாதே, வைக்கிங் மொழியில் அதற்குத் தெரு என்று பொருள். கோட்டை வாசலுக்கு அங்கே "பார்" என்று பேர். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாக்கம் நடத்தும்போது இப்படி ஓர் ஊர் கையில் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

தங்கியது ஒரு விருந்தினர் இல்லம். வீட்டுக்காரர்கள் கீழே இருக்கிறார்கள், மேலே நாலைந்து அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். அறையில் வெந்நீர் கெட்டில், தேயிலைப் பொட்டலம், சின்னக் குப்பிகளில் பால். காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி. முட்டை, காளான், வதக்கிய தக்காளி, பீன்ஸ், ரொட்டி. இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருகிறார்கள். ஒரே ஒரு கஷ்டம். எங்களுக்குக் கொடுத்தது மூன்றாவது மாடி, கூரைக்கு அடியில். பழைய வீடு, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தாக ஏணி மாதிரி. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பதிவு செய்யும்போதே "தரைத்தள அறை இருக்கிறதா" என்று கேட்டிருக்கவேண்டும். நீ கட்டாயம் கேள். சனிக்கிழமை ராத்திரியை விட்டுவிட்டு வார நாளில் போனால் வாடகையும் குறைவு. குதிரைப் பந்தய நாட்களில் மட்டும் யார்க் பக்கமே போகாதே, அறை விலை எகிறிவிடும்.

மறுநாள் விடிகாலை ஆறரைக்கு இரண்டு பேரும் கிளம்பி ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போனோம். அந்தக் காலத்துக் கசாப்புக்காரர்கள் தெரு. மரச்சட்டம் போட்ட வீடுகள், மேல்மாடி ஒவ்வொன்றும் கீழ்மாடியைவிட முன்னால் தள்ளிக்கொண்டு, எதிர்வீட்டு மாடியோடு முட்டிக்கொள்ளப் போவது போல நிற்கின்றன. ஜன்னல்களுக்கு வெளியே இறைச்சியைப் பரப்பி வைத்த அகலப் பலகைகளும், தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். தேய்ந்து வழவழவென்று, பனியில் சில்லென்று இருந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை. ஒரு பெண் மட்டும் வாளித் தண்ணீரை ஊற்றிக் கடை வாசலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அந்தக் குறுகின தெரு முழுக்கக் கேட்டது. பதினோரு மணிக்குத் திரும்ப அந்த வழியாக வந்தோம். கால் வைக்க இடமில்லை. உன் பஸ் உன்னை இறக்கிவிடுவது அந்தப் பதினோரு மணிக்குத்தான்.

மின்ஸ்டர் என்கிற பேராலயத்துக்குப் பகலில் கட்டணம் உண்டு, கட்டிவிட்டுப் போ. 1220 வாக்கில் தொடங்கிக் கட்டி முடிக்க இரண்டரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது, 1472-இல்தான் முடிந்தது. கிழக்கு ஜன்னல் ஒன்றுக்காகவே போகலாம். கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கடைசித் தீர்ப்பு வரைக்கும் அதில் இருக்கிறது. ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞர் 1405-இல் ஒப்பந்தம் போட்டு மூன்றே வருஷத்தில் முடித்திருக்கிறார். சொன்ன நாளில் முடித்தால் கூடுதலாகப் பத்து பவுண்டு என்று பேச்சு. ஜன்னலின் உச்சியில் 1408 என்று வருஷத்தையும் எழுதி வைத்துவிட்டார். தெற்குப் பக்கத்தில் ரோஜா ஜன்னல். 1984 ஜூலை 9 விடிகாலையில் அந்தப் பகுதிக் கூரை தீப்பிடித்து இடிந்து விழுந்ததாம். சூட்டில் கண்ணாடி நாற்பதாயிரம் கீறலாக விரிந்தும் ஒன்றுகூடக் கீழே உதிராமல் ஈயச் சட்டத்திலேயே நின்றிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து நான் அந்த ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பவும் போ, அப்போது பணம் கிடையாது. மாலை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பாடகர்கள் பக்கத்திலேயே மர இருக்கைகளில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் குரலெடுத்துப் பாடுகிறார்கள், பாட்டு நின்ற பிறகும் அது அந்த உயரத்தில் எங்கேயோ சுற்றிவிட்டு மெதுவாக இறங்குகிறது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நீ அழுதிருப்பாய். எனக்குத் தெரியும் உன்னை.

ஊரைச் சுற்றி மதில் மேலேயே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம், காசு இல்லை. இவர் ரயில்வேயில் இருந்தவர், கேட்கவேண்டுமா? தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அரை நாள். அதற்கும் கட்டணம் இல்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. பக்கத்தில் போய்ச் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவில்லை.

ஒன்று மட்டும் எழுதாமல் விடமுடியாது. நடு ஊரில் ஒரு மேடு, அதன்மேல் கிளிஃபர்ட் கோபுரம். 1190 மார்ச் 16-இல் ஊர்க் கும்பலுக்குப் பயந்து ஊரின் யூதர்கள், ஏறக்குறைய 150 பேர், அங்கே அப்போது இருந்த மரக்கோபுரத்தில் அடைந்துகொண்டார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களை வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த மேடு முழுக்க டாஃபடில் நட்டிருக்கிறார்கள். அந்த நாளை ஒட்டித்தான் பூக்கிறது. ஆறு இதழ், மஞ்சள். நாங்கள் போனபோது சரிவு முழுக்கப் பூ. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி ஆக்ஸ்போர்டு. இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

மாணவர்களுக்கு விடுமுறை விட்டால் அங்கே கல்லூரி விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஈஸ்டரை ஒட்டியும் கோடையிலும் கிடைக்கும். ஹோட்டலைவிட மலிவு. சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு படிப்பு மேசை. சில அறைகளுக்குக் குளியலறை பொதுவாக இருக்கும், விசாரித்துப் பதிவு பண்ணு. நாங்கள் தங்கியது கெபில் கல்லூரியில். பழைய கல்லூரிகள் பெரும்பாலும் மஞ்சள் கல், இது 1870-இல் திறந்த செங்கல் கட்டடம், கோடு கோடாக. காலைச் சாப்பாடு பெரிய உணவுக்கூடத்தில். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீள மேசைகள், சுவரெல்லாம் பழைய ஆசிரியர்களின் படங்கள். முப்பது வருஷம் கரும்பலகைப் பக்கம் நின்றவள், அந்தப் பெஞ்சில் மாணவி மாதிரி உட்கார்ந்து டீ குடித்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு கிரைஸ்ட் சர்ச் கல்லூரி வாசலுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு கிரேட் டாம் என்ற பெரிய மணி அடிக்கத் தொடங்கியது. நூற்றொரு தடவை. ஆதியில் அங்கே படித்த நூறு மாணவர்களுக்கு நூறு, பிறகு 1663-இல் கூட்டிய ஒரு மாணவனுக்கு ஒன்று. அது ஏன் ஐந்து நிமிஷம் பிந்தி? ஆக்ஸ்போர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரிய நேரம் ஐந்து நிமிஷம் பின்னால். நாடு முழுக்க ஒரே கடிகாரம் வந்த பிறகும் இந்த மணி ஊரின் பழைய ஒன்பதைத்தான் அடிக்கிறது. தெருவில் நின்று இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணினோம். நூற்றொன்று சரியாக இருந்தது. அந்த நேரம் பஸ்காரர்கள் ஒருவரும் ஊரில் இல்லை.

மறுநாள் காலை, திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த நம் ஜி.யு. போப்பை, போப்பையரைப் பார்க்கப் போனோம்.

வால்டன் தெருவிலிருந்து பிரியும் சின்னப் பாதை வழியே போனால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். மரங்களும் புல்லுமாக, அவ்வளவு அமைதி. தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கனகம், "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று அவர் கல்லறையில் எழுதியிருக்கிறது" என்று நீயும் நானும் எத்தனை வருஷம், எத்தனை வகுப்பில் சொல்லியிருப்போம்? அப்படி அதில் இல்லை. நான் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஜார்ஜ் யுக்ளோ போப், தென்னிந்தியாவில் இருந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் நடத்தியவர், பேலியல் கல்லூரிப் பாதிரியார், 1820-இல் பிறந்து 1908-இல் இறந்தவர். அதற்குக் கீழே இருப்பதைப் படித்ததும்தான் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் இருக்கும் அவருடைய தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்தார்கள் என்று இருக்கிறது.

மாணவன் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதாக நாம் சொன்னதைவிட, நம் ஊர்க்காரர்கள் நண்பன் என்று கல் வைத்தார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாயர்புரத்துப் பக்கம் நடந்து திரிந்தவர் அல்லவா? இத்தனை தூரத்தில் செத்தவருக்குக் காசு சேர்த்து அனுப்பியவர்கள் யாராக இருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டு நின்றேன். நம்மிடம் படித்த பிள்ளைகளில் யாராவது ஆசிரியராக இருந்தால் இதை எழுதிப் போடு. திருத்திச் சொல்லட்டும்.

அதே தோட்டத்தில்தான் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த ஜோவட்டும் இருக்கிறார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் போப் எழுதியிருப்பது உனக்கு நினைவிருக்கும். இத்தனை வயசில் இதைத் தொடங்கி முடிக்க ஆயுள் வேண்டுமே என்று அவர் தயங்கினபோது, பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதே நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்று ஜோவட் சொன்னாராம். 1900-இல் புத்தகம் வந்தபோது போப்புக்கு 80 வயசு. சொன்னவர் 1893-இலேயே போய்விட்டார். இப்போது இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில். இதைப் பற்றி அறுபது பக்கம் எழுதலாம், நேரில் பேசுவோம்.

நீ வருவதென்றால் செப்டம்பரில் வா. அறுபது தாண்டியவர்களுக்கு ரயில் சலுகை அட்டை இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு குறையும், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். பயணச் சீட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறோமோ அவ்வளவு மலிவு, அதனால் தேதியைச் சீக்கிரம் எழுது. செப்டம்பரில் கல்லூரி அறை கிடைக்கும், நான் தரைத்தளமாகவே கேட்டுப் பதிவு பண்ணிவிடுகிறேன்.

வரும்போது உன் பழைய திருவாசகத்தைப் பெட்டியில் வை, அட்டை கிழிந்த அந்தப் பிரதியையே. ஆண்டு விழாவில் நீ பாடின குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் புல்லில் உட்கார்ந்து ஒரு பதிகம் நீ பாட, நான் கேட்கவேண்டும்.

இவர் உங்கள் எல்லாருக்கும் அன்பு சொல்லச் சொன்னார்.

உன்,
செல்லம்மா