தும்மலோடு போன ஆண்டு: முயல் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், முயல்களை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு இந்த முறை யாரும் முயலைக் கொண்டுவர வேண்டாம் என்று சுற்றறிக்கையில் கேட்டிருந்தோம். குழந்தைகளுக்குப் பெரிய ஏமாற்றம் என்று தெரியும். அப்படிக் கேட்டதற்கான காரணம்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். காய்ந்த புல்லை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இந்த ஆண்டும் நடந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடிக் கூண்டுகளைக் கீழே இறக்கச் சொல்லி வீடு வீடாகப் போனோம், பெரும்பாலானவர்கள் கேட்டார்கள். புதர் ஓரத்தில் கிடைத்த காட்டு முயல் குட்டியை வளர்க்கலாமா என்று ஒருவர் விசாரித்தார். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய் முயல் குட்டியைத் தனியே விட்டுப் போய் இரவில் வந்து பால் கொடுக்கும். அதனால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொன்னோம், அவரும் அப்படியே செய்தார்.

சரி, இனி மழைக்காலத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்த பிறகு, நம் உறுப்பினர்கள் வீடுகளில் ஒன்றன் பின் ஒன்றாக முயல்கள் தும்மத் தொடங்கின. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்குச் சளி பிடிப்பது மனிதர்களுக்கு வழக்கம்தானே என்ற எண்ணம். ஆனால் முயலின் சளி நம்முடைய சளி மாதிரி ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுவது அல்ல. பெரும்பாலும் அது பாக்டீரியாவால் வருவது. அடிக்கடி காணப்படுவது பாஸ்டுரெல்லா மல்டோசிடா. லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய கிருமி. போர்டெடெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவையும் உண்டு. பாஸ்டுரெல்லா பல முயல்களின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துகொண்டே இருக்கும். பயணம், நெரிசல், அதிக வெப்பம், சிறுநீர் நாற்றம் நிறைந்த கூண்டு என ஏதாவது ஒன்று முயலின் உடம்பைத் தளர்த்தும்போது கிளம்பிவிடும். இந்த ஆண்டு மழைக்குப் பயந்து கூண்டுகளைக் குளியலறை ஓரத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் அடைத்து வைத்தோம். காற்றோட்டம் இல்லை, விரிப்பு காயவில்லை. ஈர விரிப்பிலிருந்து கிளம்பும் அம்மோனியா மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்கும். நின்றுகொண்டிருக்கும் நமக்கு வாடை தெரிவதற்கு முன்பே, தரையோடு தரையாக இருக்கும் முயல் அதை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டிருக்கும்.

தும்மலைவிட நல்ல அடையாளம் முன்னங்கால். முயல் தன் மூக்கைக் காலாலேயே துடைத்துக்கொள்ளும். அதனால் முன்னங்கால்களின் உட்பக்க முடி ஈரமாகவோ, காய்ந்து கட்டிக்கட்டியாகவோ இருந்தால் மூக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். மூக்கைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதுதான் துடைத்துவிட்டதே. மடிப்பாக்கத்து உறுப்பினர் ஒருவர் வீட்டு மல்லி இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் காலை வைத்திருக்கும் என்று வீட்டார் நினைத்தார்கள். அங்கே புல் கொடுக்கப் போன நம் துணைச் செயலாளர் காலைத் தூக்கிப் பார்த்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினார். அந்த ஒரு பார்வைதான் மல்லியைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

மூச்சை எண்ணுவது பற்றியும் பலர் கேட்டார்கள். மூக்கு துடிப்பதை எண்ணாதீர்கள், அது மோப்பம் பிடிப்பது. முயல் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. தலையை மேலே தூக்கிக்கொண்டு, வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டால் நுரையீரல் வரை போயிருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அது வாயைத் திறக்கிறது என்றால் வேறு வழியே இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

இப்போது சொல்லப்போவதைச் சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு சொல்கிறேன். கருப்பன் என்ற மூன்று வயது முயலை இந்த ஆண்டு இழந்தோம். அது சளியால் சாகவில்லை. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீதமிருந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கேட்ட மருந்து, இதற்கும் கேட்கும் என்ற அன்புதான். முயலின் குடலில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. நார்ச்சத்தைச் செரிக்கும் நல்ல கிருமிகள் அங்கேதான் வாழ்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லிங்கோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். வயிற்றுப்போக்கு வரும், உடம்பு சில்லிட்டுப்போகும், பெரும்பாலும் பிழைப்பதில்லை. நாய், பூனைகளுக்கு அன்றாடம் கொடுக்கும் மருந்து என்பதால் இது பலருக்கும் தெரிவதில்லை. அந்தக் குடும்பத்தை யாரும் ஒரு சொல் குறையாகப் பேச வேண்டாம். இந்தச் செய்தியை அவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டியது சங்கம் என்ற அமைப்பின் வேலை. இனி புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் கையிலும் இந்த மருந்துப் பெயர்களை அச்சடித்துக் கொடுக்கிறோம்.

முயலுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது என்ரோஃப்ளாக்சசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா. பென்சிலினை ஊசியாகப் போடுவதும் உண்டு. வாய்வழி கொடுப்பதுதான் ஆபத்து. எதுவானாலும் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். நம்மில் பலர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், சிலர் பக்கத்துத் தனியார் மருத்துவர்களிடமும் போனோம். எங்கே போனாலும் "முயலுக்குப் பழக்கமான மருத்துவர் இருக்கிறாரா" என்று முதலில் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும் மருந்து தொடர வேண்டியிருக்கும். தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்தியவர்கள் வீட்டில் சளி திரும்பி வந்தது. அப்படித் திரும்பித் திரும்பி வந்தால் மூக்கின் உள்ளிருந்து சளி எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்வதும், பல் வேர்களையும் மார்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் வீண் செலவல்ல. மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அடைத்தாலும் மூக்கும் கண்ணும் ஒழுகும். அதற்கு எத்தனை பாட்டில் மருந்து கொடுத்தும் பயனில்லை.

மருந்துக்கு அடுத்தபடி, ஏன், மருந்துக்குச் சமமாக நான் வைப்பது சாப்பாட்டை. மூக்கடைத்த முயலுக்கு வாசனை தெரியாது. மெல்லும்போது மூச்சும் முட்டும். அதனால் சாப்பிடுவதை நிறுத்தும். நிறுத்தினால் குடல் ஓட்டம் நின்றுவிடும். அதுதான் பல முயல்களைக் கொண்டுபோகிறது. ஆகவே தும்மலை எண்ணுவதைவிடப் புழுக்கையைப் பாருங்கள். புழுக்கை சிறுத்தாலோ, குறைந்தாலோ அன்றே கவனிக்க வேண்டும். 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் ராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மல்லி வீட்டில் பெல்லட் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மைய அரைத்து, மருத்துவர் சொன்ன அளவில் சிரிஞ்சால் கொடுத்தார்கள். முயலை மல்லாத்தக் கூடாது. இயல்பாக உட்காரவைத்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் போய் இன்னொரு நிமோனியாவில் முடியும். ஊட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூக்கைத் துடைத்துவிட்டால் அதற்கே பாதிச் சிரமம் குறைகிறது. கொத்தமல்லி, புதினா மாதிரி மணமுள்ள கீரையை முகத்தருகே வைத்ததும், மல்லி தானாக ஒரு காம்பைக் கடித்ததாம். அன்று அந்த அக்கா போனில் அழுதுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் குரல் வரவில்லை.

சங்கம் வாங்கிய நெபுலைசர் இந்தப் பருவத்தில் வீடு வீடாகச் சுற்றியது. முயலை அதன் பெட்டியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, ஒரு பக்கம் காற்று வர இடம் விட்டு, 0.9 சதவீத உப்புநீரை ஆவியாக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுப்பது மருத்துவர் சொன்ன முறை. கெட்டிச் சளி இளகும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அதில் தைலம், கற்பூரம் எதையும் கலக்காதீர்கள். நமக்கு இதமாக இருக்கும் அந்தக் காரம் முயலின் மூக்குக்கு எரிச்சல். முயல் இருக்கும் அறையில் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் அதே போலத்தான். கொசுவுக்கு வலை அடியுங்கள். மரத்தூள் விரிப்புக்குப் பதிலாகச் செய்தித்தாளோ பழைய பருத்தித் துணியோ போட்டு, தினமும் மாற்றுங்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது நெபுலைசரின் மூடியையும் குழாயையும் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இது இரண்டு இடங்களில் தவறியது.

மல்லி இப்போது நன்றாக இருக்கிறது. முழுக்கக் குணமா என்றால், இல்லை. குளிர் காற்று அடித்தால் இன்னும் தும்முகிறது. இந்த நோயில் கிருமி முழுக்கப் போவது அரிது. பசி, எடை, மூச்சு மூன்றும் சரியாக இருக்கும்வரை அதோடு நல்லபடியாக வாழலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். தலை ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் கவனிக்கச் சொல்லியிருக்கிறோம். தொற்று காதுக்குள் இறங்கினால் அப்படி வரும்.

இந்த அனுபவத்தை வைத்துச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. சந்தையிலிருந்தோ தத்து மூலமோ வரும் புது முயலை ஒரு மாதம் தனி அறையில், தனிக் கிண்ணம், தனி விரிப்போடு வைப்பது. அப்புறம், மழைக்காலம் முடியும்வரை முயல்களை ஒன்றுகூட்டும் நிகழ்ச்சிகளை நிறுத்திவைப்பது. கடைசியாக, சங்க நிதியில் இரண்டாவது நெபுலைசரும், கிராம் அளவு காட்டும் தராசு ஒன்றும் வாங்குவது. முதல் தீர்மானத்துக்கு இடவசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. தனி அறை தரத் தயாராக இருக்கும் உறுப்பினர்களின் பட்டியலைத் துணைச் செயலாளர் தயாரித்து வருகிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றே அவரிடம் சொல்லலாம்.

இந்த அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்