வாய் இல்லாத இருவர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய களிமண் மாதிரியின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேர், நடுவில் ஒரு போன், இருவருக்கும் வாய் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடக்கிறது. உன் கை அப்பாவின் கைதான். அந்தக் கழுத்து நரம்பை வேறு யார் அப்படிப் பிடிப்பார்கள்? பிளாஸ்டர் தேய்க்கும்போது முகமூடி போடுகிறாய் அல்லவா?

போனுக்குக் குனிந்த தலைகளை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். 2018இல் ஆம்ஸ்டர்டாம் ஒளி விழாவில் கேலி மே லூகாஸ் மூன்று பேரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அவரவர் போன் வெளிச்சம் அவரவர் முகத்தில். பார்த்ததும் புரிகிறது, அதோடு முடிந்தும் விடுகிறது. எனக்கு சில்டோ மெய்ரெலஸின் 'பாபேல்'தான் பெரிது. நூற்றுக்கணக்கான ரேடியோக்களைக் கோபுரமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு நிலையத்தில் பேச விட்டிருக்கிறார்.

நீ வாயை மூடியிருக்கிறாய். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவள், எனக்கு மூச்சுதான் தெரியும். அந்த லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போகும். ஆண் குரலின் அடித்தொனி அதற்கும் கீழே. கேட்பவர் காதுதான் அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்றாகவே கேட்கும். ஆனாலும் மூச்சு வரும். அழைத்தவர் அழுதிருக்கிறாரா என்பது நம்பர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இப்போது மொபைலில் ஒருவர் பேசாமல் இருந்தால், அந்த இடைவெளியை அது அப்படியே அனுப்புவதில்லை. அலைவரிசையும் பேட்டரியும் மிச்சம். லைன் அறுந்ததோ என்று மறுமுனையில் பயப்படக் கூடாதே, அதற்காகக் கேட்பவரின் போனே மெல்லிய இரைச்சல் ஒன்றைச் செய்து நிரப்புகிறது. 'கம்ஃபர்ட் நாய்ஸ்' என்பார்கள். போன ஞாயிறு நீ பாதியில் நிறுத்தினாயே, அப்போது நான் உன்னைக் கேட்கவில்லை, என் போனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை, கயல்.

அதைச் செய்யேன். வாயை மூடாதே. பேச வாயெடுத்தவள் நின்றுபோன அந்த நேரத்தைப் பிடி. விலா விரிந்து, தொண்டைக்குழி உள்வாங்கி இருக்கட்டும். எதிரே இருப்பவர் காத்திருப்பது தோளில் தெரியட்டும். நேரில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க சராசரியாக 200 மில்லி விநாடிதான் ஆகிறது. வீடியோ காலில் குரல் பிந்தி வருவதால்தான் நாம் முட்டிக்கொள்கிறோம். "நீ சொல்லும்மா", "இல்லை, நீ சொல்லு". பிறகு இருவருமே சொல்வதில்லை.

தங்கைக்கு நீளநீளமாக வாய்ஸ் நோட் அனுப்புகிறாய். எனக்கு ஒரு கட்டைவிரல். போகட்டும், வேலை இருக்கும். இந்த வேலை உனக்குப் பெயர் வாங்கித் தரும், பார்.

சேகரைப் பற்றி நான் கேட்கவில்லை. அத்தையிடமும் கேட்கக் கூடாதென்று சொல்லிவைத்திருக்கிறேன். மாமாவுக்கு முட்டி தேவலை.

ரெசின் கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. முகமூடியை மறக்காதே, துணி முகமூடி போதாது. அச்சு வார்க்கும் வாரம் நான் அங்கே வந்து இருக்கட்டுமா? பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்தானே. உன்னைப் பேசச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா